பெண் கேட்டு வந்த மேடம்

எங்கள் மேடத்துக்குக் கூச்சம் என்பதே கிடையாது. ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டால், எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் நேராகப் போய்க் கேட்டுவிடுவார். பக்கத்தில் நிற்கிற எங்களுக்குத்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாது.

ஒருமுறை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு அவருடைய ஆராய்ச்சி மாணவிகளான எங்களைக் கூட்டிப் போனார். தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த கடை ஒன்றின் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, அழுகின தக்காளி இருக்குதுங்களா?"

கடைக்காரர் முறைத்தார். காலை வியாபாரத்தில் சரக்கைக் குறை சொல்ல வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

"எல்லாம் இன்னிக்குப் பறிச்ச காயிங்க. அழுகலெல்லாம் நாங்க விக்கிறதில்லைங்க."

"அது பாத்தாலே தெரியுதுங்க. நல்ல காய எல்லாரும் கேப்பாங்க. எனக்கு அழுகினது, வெடிச்சது, புழு வச்சது, இதுதான் வேணும். ஒரு கூடை இருந்தாப் போதுமுங்க."

"அத வச்சு என்னங்க பண்ணுவீங்க? மாட்டுக்கா?"

"கம்ப்யூட்டருக்குங்க" என்றார் மேடம், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவர் சொன்னது பொய்யில்லை. படத்தைப் பார்த்து இது இன்னது என்று கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடிக்கப் பழக்குவதுதான் அவருடைய வேலை. மெஷின் லேர்னிங், கம்ப்யூட்டர் விஷன் என்று அதற்குப் பெயர்கள் உண்டு. நல்ல தக்காளியை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் அது அழுகலையும் நல்லது என்றே சொல்லும். இரண்டையும் ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். மேடம் இதை அந்தக் கடைக்காரரிடம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். கடைசியில் கடைக்காரரே பக்கத்துக் கடைகளிலும் சொல்லி மூட்டை நிறைய அழுகலைச் சேர்த்துக் கொடுத்து, எங்களுக்கு டீயும் வாங்கித் தந்தார். திண்டுக்கல் திரும்பும் பஸ்ஸில் அந்த மூட்டையின் நாற்றம் தாங்காமல் கண்டக்டர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார். அவரிடமும் மேடம்தான் கேட்டு, கடைசி சீட்டுக்கு அனுமதி வாங்கினார்.

இப்படி எதையும் கேட்கத் தெரிந்த மனுஷி, தனக்கென்று ஒன்றைக் கேட்க எவ்வளவோ காலம் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கீழ் அறை அவருக்காகத்தான் வெள்ளையடித்து வைத்தது. ஜன்னலைத் திறந்தால் மல்லிகைத் தோட்டம் தெரியும். அவர் அங்கே வந்து இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசைப்பட்டோம். அந்த அறை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் பேராசிரியர். ஆராய்ச்சி மாணவர்கள் தேவை என்று வருஷா வருஷம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவார். ஒட்டிய தாள் வெயிலில் பழுத்து உதிரும் வரைக்கும் ஒருவரும் வரமாட்டார்கள். பையன்கள் படிப்பு முடிந்த கையோடு பெங்களூருக்குப் பெட்டி கட்டிவிடுவார்கள். பெண்களுக்கு ஆசை இருக்கும், வீட்டில் விடமாட்டார்கள். விடாதவர்களிடம்தானே போய்க் கேட்க வேண்டும் என்று மேடம் முடிவு பண்ணிவிட்டார். தாளை ஒட்டுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

வெறுங்கையோடு போய்க் கேட்கக்கூடாது என்பது அவர் கட்சி. சொந்த ஊர் ஆயக்குடி. அங்கிருந்து கொய்யாப்பழம் வரவழைத்து, ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கி, வெற்றிலை பாக்கும் வைத்து எடுத்துப் போவார். பல வீடுகளில் காபி கொடுத்து, பழத்தை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மல்லிகை போட்டிருந்தார், இப்போதும் போட்டிருக்கிறார். நான் எம்.இ. முடித்துவிட்டு வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த சமயம். மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு அப்பா, "படிச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லி முடித்துவிட்டார். வடமதுரையில் ஒரு வரன் பார்த்து, அவர்கள் என்னை வந்து பார்ப்பதாகவும் பேச்சு ஆகியிருந்தது.

அப்பா பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வாசலில் சுங்குடிச் சேலை கட்டி, கையில் தாம்பாளத்தோடு ஒரு அம்மாள் வந்து நிற்கிறார். பார்த்ததும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வாங்க, வாங்க. யாருன்னு தெரியலயே?"

"உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கேனுங்க."

அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே வந்து, "ஏத்தா, மூஞ்சியக் கழுவிட்டு அந்தப் பச்சச் சேலையக் கட்டு. யாரோ நல்ல எடமாத் தெரியுது" என்று என்னிடம் கிசுகிசுத்தார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் எம்.இ. பிராஜெக்டைப் பார்க்க வெளித் தேர்வாளராக வந்து, என்னை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டே கொன்றவர் அவர்தான். அம்மாவிடம் சொல்வதற்குள் அம்மா காபியோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

"பையன் என்ன பண்றாக?"

"பையனெல்லாம் இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகல. உங்க பொண்ண எனக்குத்தான் கேக்குறேன்."

அம்மா காபியைக் கொடுக்காமல் டம்ளரோடு பின்வாங்கினார். நான் பச்சைச் சேலையில் பாதி கட்டியும் கட்டாமலும் ஓடிவந்து விஷயத்தை விளக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் மேடம் பேசினார். என்ன ஆராய்ச்சி, எத்தனை வருஷம், ஹாஸ்டல் எப்படி, ராத்திரி யார் துணை என்று அம்மா கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். "அவுக வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம்தான். ஆனால் பூக்காரர் வீட்டிலிருந்து, அதுவும் வெள்ளிக்கிழமை, ஒரு பெண்மணியை வெறுந்தட்டோடு அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. கொய்யாவை எடுத்துக்கொண்டு, அதே தாம்பாளத்தில் கட்டி வைத்திருந்த மல்லிகைப் பந்து ஒன்றையும், மஞ்சள் குங்குமத்தையும், நாலு வாழைப்பழத்தையும் வைத்து, வாசலில் நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். மேடம் குனிந்து வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது. அந்த வீட்டில் பெண்ணுக்குப் பூ வைத்தாயிற்று, தட்டு மாற்றியாயிற்று, மாமியார்க்காரி காரில் வந்து இறங்கினாள் என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசினார்கள். மேடம் வந்தது டவுன் பஸ்ஸில். வடமதுரையிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. "தட்டு மாத்துன பொண்ணப் பாக்க எங்கள எதுக்குங்க கூப்டீங்க?" என்று கேட்டார்கள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேலைக்காகவில்லை.

மறுநாளே அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். மேடத்தின் அறைக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"இந்தாங்கம்மா, ஒங்களால எம்மக கல்யாணம் நின்னு போச்சு. ஊரே சிரிக்கிது. இதுக்கு என்ன பதில் சொல்றீக?"

மேடம் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் இருந்த திகைப்பைப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. தட்டில் பூ வைத்துக் கொடுத்ததை அவரும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பூ வச்சுக் குடுத்தாங்களேங்க. இத்தன வீட்டுல யாருமே வச்சதில்ல. அதனால சம்மதம்னு நெனச்சு எடமெல்லாம் தயார் பண்ணிட்டேனுங்க" என்று பக்கத்து அறையைத் திறந்து காட்டினார்.

ஜன்னலோரம் ஒரு மேஜை, புதிதாகத் துடைத்த கம்ப்யூட்டர். மேஜை ஓரத்தில் என் பெயரை அச்சடித்து ஒட்டியிருந்தார். பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. அப்பா கிட்டே போய் அந்தத் தாளை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் இறங்கியது.

"வடமதுரைக்கு நானே போய்ச் சொல்றேனுங்க. பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் பொறுத்துக் கட்டிக்குங்கன்னு அவங்களையும் கேட்டுப் பாக்குறேன்" என்றார் மேடம்.

"ஏ தாயி, நீங்க எங்கயும் போய்க் கேக்க வேணாம்" என்று அப்பா பதறினார்.

"சரிங்க. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாங்களா? உங்க தோட்டத்துல ஒரு பாத்தி மல்லி எங்களுக்கு விடுவீங்களா? பறிக்கமாட்டோம். மொட்டப் போட்டோ மட்டும் எடுத்துக்குறோம்."

சண்டை போடப் போன மனிதர் ஒரு பாத்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பஸ்ஸில் நெடுநேரம் கழித்து, "என்னா பொம்பள!" என்றார். நிலக்கோட்டை வந்து இறங்கும்போது, "கொஞ்ச நாளைக்குப் போய்ட்டு வா, பாப்பம்" என்றார். அந்தக் கொஞ்ச நாளில் நான் முனைவர் பட்டமே வாங்கிவிட்டேன்.

என் ஆராய்ச்சி எங்கள் வீட்டு மொட்டைப் பற்றியதுதான். விடியக் கருக்கலில் பறித்த மல்லிகையில் எது சாயங்காலமே விரிந்துவிடும், எது வேன் ஏறி வெளியூர் போகும் வரைக்கும் தாங்கும் என்று கேமரா பார்த்துப் பிரிக்க வேண்டும். மேடம் எங்கள் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் வருவார். அம்மா அவரை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. "வாங்க சம்மந்தி" என்பார். மேடத்துக்கு அதில் வாயெல்லாம் பல்லாகிவிடும். "ஏனுங்க சம்மந்தி, இன்னிக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். பையன் இல்லாத சம்பந்தம் ஊரில் இது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

எங்களுக்காக அவர் கேட்காத ஆள் இல்லை. லேபுக்கு ஏசி வேண்டும் என்று முதல்வரிடம் கேட்பார். இரவு தாமதமாகத் திரும்பும் பெண்களுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லி ஹாஸ்டல் வார்டனிடம் கேட்பார். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது, மண்டபத்திலேயே மாமியாரிடம் போய், "வாரத்துல நாலு நாள் மட்டும் எங்களுக்கு அனுப்பி வையுங்க" என்று கேட்டார். நான் இப்போது வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் வேண்டும் என்று இணையத்தில் அறிவிப்புப் போடுவதோடு சரி. ஒரு வீட்டு வாசலில் போய் நின்று கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் அவருக்கென்றால் மட்டும் அந்த வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும். லேப் மூன்றாவது மாடியில். முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்து ஏறுவார். கீழே ஒரு அறை கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்கமாட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, "அடுத்த ஸ்டாப்புதானுங்க" என்று பொய் சொல்வார். ஒருநாள் நான் கோபித்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் கேக்குறீங்க மேடம். உங்களுக்குக் கேட்டா என்ன?"

"எனக்குன்னு வந்தா வாய் வரமாட்டேங்குது கண்ணு" என்றார். "சின்னதுலருந்தே பழகல."



ஓய்வு பெற்ற பிறகு திண்டுக்கல்லில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். போகும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்வார். ஒருதரம் போனபோது, மேடத்தால் இறங்கி ஏற முடியாததால், பால்காரர் மாடிக்கு வரும் நாளில் பால் காபி, வராத நாளில் வரக்காபி என்று அவர் காலம் தள்ளுவது தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டுக் கீழ் அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்.

"நம்ம போய்ப் பொண்ணு கேப்பம். அவுக கேட்டாகள்ல, நம்ம கேட்டா என்ன?"

அம்மா தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துத் தேய்த்தார். கொய்யாப்பழம், வெற்றிலை பாக்கு, எங்கள் தோட்டத்து மல்லிகை. மாடிப்படி ஏறிப் போய், "சம்மந்தி, ஒங்களக் கேட்டு வந்திருக்கோம். எங்க வீட்டோட வந்துருங்க" என்றார். நான் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் அது அப்படியே மலர்ந்தது. பிறகு சிரித்து மழுப்பிவிட்டார்.

"எனக்கென்னங்க கொறை? உங்களுக்கு எதுக்குச் செரமம்?"

கிளம்பும்போது தட்டை எங்கள் கையில் கொடுத்தார். வெறுந்தட்டு. வீட்டில் வைத்துக் கொடுக்க ஒன்றும் இல்லையோ, வேண்டுமென்றே வைக்கவில்லையோ தெரியாது. அம்மா பஸ்ஸில் அந்தத் தட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார். எனக்கு அழுகையாக வந்தது.

கொஞ்ச நாளில் அவருடைய தம்பி வந்து அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டார். நல்ல மனிதர். வசதியான அடுக்குமாடி வீடு, லிப்ட் இருக்கிறது, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடம் போனில் பேசும்போது மொட்டு எப்படி வருகிறது என்று கேட்பார், என் மாணவர்களைக் கேட்பார், அம்மாவைக் கேட்பார். தன்னைப் பற்றி ஒன்றும் இருக்காது.

ஐப்பசி மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவரிடமிருந்து போன் வந்தது. எதையோ சொல்ல வருவதும் மழையைப் பற்றி விசாரிப்பதுமாக இழுத்துக்கொண்டே இருந்தார். எதையும் நறுக்கென்று கேட்கிற மேடம் இப்படித் தடுமாறி நான் கேட்டதில்லை.

"கண்ணு, உங்கம்மாவ இன்னொருக்கா வந்து கேக்கச் சொல்றியா?"

அம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் அந்த வாரமே ரயிலேறினோம். மறுபடியும் அதே தாம்பாளம், அதே சாமான்கள். மேடம் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். அம்மா முறைப்படி வாசலிலேயே நின்று, "சம்மந்தி, ஒங்களக் கேட்டு வந்திருக்கோம்" என்றார்.

"எனக்குச் சம்மதமுங்க" என்றார் மேடம். தம்பி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பி, "நெசமாத்தான்டா சொல்றேன். எனக்கு அங்க போகணும்" என்றார். தம்பிக்கும் கண் கலங்கிவிட்டது. சிகிச்சை ஒன்று நடந்துகொண்டிருந்தது, கார்த்திகை முடியும் வரை டாக்டர் அனுப்பமாட்டார். மார்கழியில் நல்லது எதுவும் வேண்டாம், தை பிறந்ததும் தானே காரில் கொண்டுவந்து விடுவதாகத் தம்பி சொன்னார். அம்மா ஜன்னலைப் பற்றிச் சொன்னார், பாத்தியைப் பற்றிச் சொன்னார். மேடம் ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அம்மா எழுந்ததும் தாம்பாளத்துக்காகக் கையை நீட்டினார். மேடம் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டுங்க. வாரப்ப நானே கொண்டாறேன். வெறுந்தட்டாக் குடுக்கமாட்டேன் இந்தத் தடவ."

மார்கழி முடிய இன்னும் சில நாள் இருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பொங்கலுக்கு அம்மா சாமிக்குப் பழம் வைக்கத் தாம்பாளத்தைத் தேடினார். அலமாரியில் கையை விட்டுத் துழாவிவிட்டு, நினைவு வந்து அப்படியே நின்றார். சென்னைக்குப் போன் பண்ணி அனுப்பச் சொல்லட்டுமா, உன் பேர் வெட்டின தட்டுதானே என்று கேட்டேன்.

"பேசி முடிச்ச எடத்துல போயி யாராச்சும் தட்டத் திருப்பிக் கேப்பாகளா?" என்றார் அம்மா. பழத்தை வாழை இலையில் வைத்துவிட்டு, கீழ் அறை ஜன்னலைத் திறக்கப் போனார்.